பூட்டிய அறையை எழுதுவது

மே 4
கல்லூரி விடுமுறை. மாத முடிவுக்குள் போட்டிக்கு ஒரு சிறுகதை அனுப்ப வேண்டும். தமிழ்த்துறை சார் ஒருவர், "செட்டிநாட்டுக் கதைன்னா பர்மா வராம இருக்குமா?" என்றார். வரும் சார். தேக்குத் தூண் வரும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் வரும், 1942-ல் ஜப்பான் படை வந்ததும் ரங்கூனை விட்டு நடந்தே திரும்பியவர்கள் வருவார்கள், அதையெல்லாம் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அம்மா தினமும் பெருக்கும் பெரிய வீடு.

மே 7
அம்மாவோடு போனேன். முகப்பு தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள் நுழைந்தால் வௌவால் வாடை. சுற்றிலும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும் தனித்தனி. சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும். ஓர் அறை மட்டும் பங்காளிகள் வழக்கில் கிடக்கிறது, யாரும் திறக்கக் கூடாது, அந்தக் கதவுக்கு அடியிலிருந்துதான் கரையான் வருகிறது. உள்ளே போய் மருந்து அடிக்க வழியில்லை, அதனால் அம்மா எங்கிருந்தோ வாங்கி வைத்த மண்ணெண்ணெயை நிலைப்படி ஓரமாக ஊற்றிவிட்டு, ஆத்தங்குடித் தரைக்கல்லில் கறை பிடிக்காமல் துடைக்கிறாள். சொல்ல வேண்டியதுதானே என்றேன். "ஒருத்தர்கிட்ட சொன்னா இன்னொருத்தர் கோவிச்சுக்கிறாங்க ஆத்தா."
அவள் கையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம், நான் மனசுக்குள் முதல் வரி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவர்கள் கொஞ்சம் கொடூரமானவர்கள்தான்.

மே 12
எழுதியாயிற்று. வீட்டுக்காரர்கள் படித்தால் அம்மாவுக்கு வேலை போகும். பெயர்களை மாற்றினேன், ஊரைத் தேவகோட்டைப் பக்கம் நகர்த்தினேன். வழக்கை மட்டும் எடுக்க முடியவில்லை, எடுத்தால் கதவைத் திறந்துவிடலாம், அப்புறம் கதை எங்கே?
பள்ளத்தூர்த் தோழி படித்துவிட்டு, "எங்க தெரு மூலை வீடுதானே, யார் சொன்னா உனக்கு?" என்கிறாள். இன்னொருத்தி சத்தியமாக இது கண்டனூர் வீடு என்கிறாள். செட்டிநாட்டில் எழுபதுக்கு மேல் ஊர்கள், ஊருக்கு ஒரு பூட்டிய அறை இருக்கும் போல. இதைவிட நல்ல மறைப்பு எனக்குக் கிடைக்காது.

மே 15
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் ஆட்சேபம் சேலைக்கு. நைந்த சேலை என்று எழுதியிருந்தேன். "வேலைக்குப் போறவன்னா கிழிஞ்சதுதான் கட்டுவாளா?" சரி, சுங்குடி ஆக்கிவிட்டேன், நீலம்.
கடைசிவரை கதவு திறக்கவில்லை என்பதும் பிடிக்கவில்லை. அப்படி விடுவதில்தான் கதையே இருக்கிறது என்று ஏதேதோ விளக்கிப் பார்த்தேன். "கதைக்கு எந்தக் கோர்ட்டு தடை போட்டுச்சு? தெற, உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்றேன்."
வழக்குக்கு முன்னால் பார்த்திருக்கிறாளாம், இத்தனை நாளும் என்னிடம் சொன்னதில்லை. கல்யாணச் சீராக வந்த இனாமல் தூக்குச்சட்டிகள், பித்தளை உருளி, காசித்துணி சுற்றிய சாமி படம், கால் உடைந்த தொட்டில், அதற்குள் யாருடையதோ தெரியாத ஒரு ஜோடிச் செருப்பு... என் கை ஓடவில்லை, போனில் ரெக்கார்டு போட்டுவிட்டேன். முடிவை மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செருப்பை விட எனக்கு மனசில்லை.