முற்றத்தைச் சுத்தம் செய்த பிள்ளைகளும் கூடப் போன பெற்றோரும்

ஒரு பள்ளியின் நடுமுற்றத்தைச் சுத்தம் செய்வதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியாது. நாலாபக்கமும் வகுப்பறைகள், நடுவில் கல் பாவிய தரை, ஓரமாகச் செடிப் பாத்திகள், ஒரு பெரிய மரம், ஆடிக்கொண்டிருக்கும் மரப் பெஞ்சுகள், அவ்வளவுதான். பல வருடங்களாக யாரும் கவனிக்காததால் தரை முழுக்கப் பாசி பிடித்து வழுக்கியது, ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகு அங்கே யாரும் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அதை மறுபடியும் பிள்ளைகள் உட்காரும் இடமாக மாற்றியது எங்கள் சாரணர் குழு. குழு என்றால் சீருடை போட்ட பிள்ளைகள் மட்டும் இல்லை, அம்மா அப்பா, தாத்தா பாட்டி, இன்னும் சேரும் வயது வராத தம்பி தங்கைகள் எல்லோரும்தான். எங்கள் வீட்டிலிருந்து மகள் ஓர் அணியின் தலைவி, மகன் குருளையர் என்ற சின்னப் பிள்ளைகள் பிரிவில் இருக்கிறான், அப்புறம் நானும் கணவரும். இதே மாதிரி வேலையில் குடும்பமாக இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வந்தது. இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகள். எங்கள் சாரண ஆசிரியரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒவ்வோர் அணியையும் பள்ளியைச் சுற்றி வரச் சொன்னார், "இங்க எது மாறினா நல்லா இருக்கும்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வண்ணம் பூசலாம், நூலகத்தை அடுக்கலாம் என்றெல்லாம் வந்தது, கடைசியில் முற்றத்துக்குத்தான் அதிகம் கை தூக்கினார்கள். சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, பணக்கார வீட்டுப் பையன்களையும் உழைக்கும் வீட்டுப் பையன்களையும் கலந்து ஓநாய், காளை என்று பெயர் வைத்து நான்கு அணிகளாகப் பிரித்து, அவர்களில் ஒருவனையே ஒவ்வோர் அணிக்கும் தலைவனாக வைத்தார். சாரணியத்தின் உயிர் அந்த அணி முறையில்தான் இருக்கிறது என்று நான் முழுதாக நம்புகிறேன். பெரியவர்கள் திட்டம் போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு ஒரு நாள் வேலை நடந்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும்.

பள்ளியிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை மகளின் அணி எழுதியது. கொஞ்ச நாள் பதிலே வரவில்லை. அப்புறம் பிள்ளைகள் முற்றத்தின் படங்களையும் கையால் வரைந்த ஒரு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார்கள், அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. கடிதத்தைவிட வரைபடம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன், எதை எடுக்கப்போகிறோம், எதைத் தொடமாட்டோம் என்று அதில் நிறம் பிரித்துக் காட்டியிருந்தார்கள். நீங்கள் போனால் இவற்றைக் கட்டாயம் கேட்டுவிடுங்கள்: தரைக்கு அடியில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ எந்தப் பக்கம் போகிறது, யாருடைய நினைவாகவாவது வைத்த செடி இருக்கிறதா, விடுமுறை நாளில் கழிப்பறையும் குழாயும் திறந்திருக்குமா, அடிபட்டால் காப்பீடு யாருடையது, வெட்டி எடுக்கும் குப்பை எங்கே போகும். கடைசிக் கேள்விக்கு யாரிடமும் உடனே பதில் இருக்காது. களையும் மண்ணும் இலையும் சேர்ந்தால் நினைப்பதைவிடப் பல மடங்கு மலைபோல் குவியும், அதற்கு இடம் முடிவாகாமல் தேதி குறிக்காதீர்கள்.

பெற்றோருக்கு என்று தனியாக ஒரு கூட்டம் இருந்தது. குழந்தைப் பாதுகாப்பு விதிகளை மாஸ்டர் நிதானமாக விளக்கினார். உலகச் சாரணர் அமைப்பே 'தீங்கிலிருந்து பாதுகாப்பு' என்று இதற்கு ஒரு கொள்கை வைத்திருக்கிறது. எங்கள் குழுவில் எந்தப் பெரியவரும் தன் பிள்ளை அல்லாத ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும், படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். சில பெற்றோருக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருந்தது, "நாங்க பெத்தவங்கதானே" என்று ஒருவர் கேட்டார். பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் விதி என்று மாஸ்டர் மென்மையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது, என் பிள்ளைகளை அங்கே விடும்போது எனக்கும் அந்த நிம்மதி வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒப்புதல் படிவம், அதில் ஒவ்வாமை இருக்கிறதா, கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரங்கள். மண்ணிலும் துருப்பிடித்த கம்பியிலும் கை வைக்கும் வேலை என்பதால் ஊசி விவரம் சும்மா நிரப்புவதற்காக இல்லை.

அப்புறம்தான் இடத்தைப் பார்க்கப் போனோம், அதுவும் நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு. இந்த யோசனை ஒரு தாத்தா கொடுத்தது, கட்டட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காய்ந்த நாளில் போயிருந்தால் பாசியை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் சுரண்டத் திட்டம் போட்டிருப்போம். மழைக்குப் பிறகு போனதால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. தரையின் வாட்டம் சரியாகத்தான் இருந்தது, தண்ணீர் ஒரு மூலையைப் பார்த்து ஓடத்தான் செய்தது, ஆனால் அந்த மூலையில் போய் நின்றுவிட்டது. "அங்க ஒரு வடிகால் இருக்கணும், தேடுங்கம்மா" என்றார் தாத்தா. பிள்ளைகள் குச்சியால் கிளறிக் கிளறி, மக்கிய இலைக்கும் மண்ணுக்கும் கீழே ஓர் இரும்புச் சல்லடை மூடியைக் கண்டுபிடித்தார்கள். மரத்திலிருந்து விழும் இலை அந்த மூடியை அடைக்க, தண்ணீர் நிற்க, நாலு பக்கச் சுவரால் வெயிலும் குறைவாக இருக்க, பாசிக்கு அதைவிட என்ன வேண்டும். பல வருடப் பிரச்சினையின் காரணம் உள்ளங்கை அகல மூடி. அதை வெறுமனே சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். பாசியை மட்டும் தேய்த்துவிட்டு வடிகாலை விட்டிருந்தால் அடுத்த மழைக்காலத்திலேயே எல்லாம் திரும்பி வந்திருக்கும்.

வேலையை வயதுப்படி பிரித்தார்கள். குருளையர்களுக்குக் குப்பை பொறுக்குவது, பொறுக்கியதைத் தரம் பிரிப்பது, களைகளில் கையால் பிடுங்க வருவதைப் பிடுங்குவது. பெரிய பிள்ளைகளுக்கு மண்வெட்டி, களைக்கொத்து, தேய்க்கும் பிரஷ், தள்ளுவண்டி. கடப்பாறையும் மின்சாரக் கருவிகளும் பெரியவர்களுக்கு மட்டும். முதல் நாள் மாலை பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், ஈர மண்ணில் களை வேரோடு வரும், காய்ந்த மண்ணில் தலை மட்டும் கையில் வரும், வேர் உள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். பிள்ளைகள் கைக்குப் பொருந்தும் கையுறைகளைத் தனியாகத் தேடி வாங்குங்கள், பெரியவர்கள் கையுறையைச் சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

அன்றைக்குக் காலையில் மாஸ்டர் பெற்றோரைப் பார்த்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி வழி சொல்லாதீங்க. ஆபத்துன்னா மட்டும் குறுக்கே போங்க." நம்புங்கள், அந்த நாளில் மிகக் கடினமான வேலை அதுதான். பிள்ளை மண்வெட்டியைத் தப்பாகப் பிடிக்கிறாள், ஒரு நிமிடத்தில் நாமே செய்துவிடலாம் என்று கை துடிக்கும். என் கணவர் நேராக வடிகால் பக்கம் போனார், மகள் நிறுத்தினாள். "அப்பா, அந்தப் பக்கம் இன்னும் அணி வரல. நீங்க முதல்ல இந்தத் தள்ளுவண்டிய காலி பண்ணிட்டு வாங்க." அவர் ஒரு நொடி நின்றார், அப்புறம் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் சத்தமாகப் பேசவே தயங்கும் பெண், தன் அணியில் ஏழு பேரையும் கூட நின்ற பெற்றோரையும் பெயர் சொல்லிப் பிரித்து நிறுத்துவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் வீட்டில் அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததே இல்லை.

நடுவில் ஒரு பாத்தியில் உடைந்த கண்ணாடி கிடைத்தது. பார்த்த குருளை கை வைக்காமல் நின்ற இடத்திலிருந்தே சத்தம் போட்டான், அப்படித்தான் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பாத்தியில் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் தடித்த கையுறையும் இடுக்கியும் கொண்டு எடுத்துக் கெட்டி அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டினோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசி சீக்கிரம் போகட்டும் என்று ஒருவர் பிளீச்சிங் திரவம் கொண்டுவந்திருந்தார், இன்னொருவர் கழிப்பறை கழுவும் ஆசிட் கொண்டுவந்திருந்தார், இருவரும் நல்ல மனதோடுதான். இந்த இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், நான்கு பக்கமும் அடைத்த முற்றத்தில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். மாஸ்டர் இரண்டையும் வாங்கி வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். வெறும் தண்ணீர், கெட்டி நார் பிரஷ், நிறைய முழங்கால் வலி, இவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக்கு யார் என்ன கொண்டுவரலாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வேலி மாதிரி வளர்ந்திருந்த புதரைக் கவாத்துச் செய்யும் திட்டம் கைவிடப்பட்டது. வெட்டுவதற்கு முன் உள்ளே பார்க்கப் போன பெண், முட்டையோடு ஒரு கூட்டைக் கண்டாள். அந்தப் பக்கமே கயிறு கட்டிவிட்டார்கள். புதர் இன்னும் கொஞ்ச நாள் அசிங்கமாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மரத்தடியில் எனக்கே புதிதாக ஒன்று கற்றேன். யாரோ எப்போதோ அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள், அப்படி வைத்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும். பிள்ளைகள் கையாலேயே மண்ணை விலக்கி, வேர்கள் அகன்று பிரியும் இடம் தெரியும்படி செய்தார்கள். பிறகு கூட்டிச் சேர்த்த காய்ந்த இலையையே ஐந்து முதல் எட்டு செ.மீ. உயரத்துக்கு மூடாக்காகப் போட்டார்கள், அடிமரத்தை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு. வெளியே கொண்டுபோக வேண்டிய குப்பையும் அதனால் குறைந்தது. கொடி ஏறுவதற்குக் கம்புகளைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் சதுரக் கட்டுப் போட்டு ஒரு தட்டி கட்டினார்கள்: கிளவ் ஹிட்ச் என்ற முடிச்சில் ஆரம்பித்து, மூன்று சுற்றுச் சுற்றி, கம்புகளுக்கு நடுவே இறுக்கி, மறுபடியும் கிளவ் ஹிட்ச்சில் முடித்து. கூட்டங்களில் "இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே பழகிய முடிச்சு. பெஞ்சுகளைத் தாத்தா எடுத்துக்கொண்டார், உப்புத்தாள் தேய்க்க அவருக்கு எங்கள் மகன் உதவி. அவன் வீட்டுக்கு வந்து அதைப் பற்றித்தான் பேசினான், வேறெதையும் பற்றி இல்லை.

கடைசியாக, பராமரிப்பு. இதைப் பேசாமல் தயவுசெய்து எந்த முற்றத்தையும் தொடாதீர்கள். வேலை முடிந்த மாலையே அணித் தலைவர்கள் உட்கார்ந்து முறை போட்டார்கள். வாரம் ஒரு முறை ஓர் அணி வடிகால் மூடியில் இலை எடுக்கும், தொட்டிகளிலும் தட்டுகளிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை என்று மகளின் அணியே கணக்குப் போட்டது. பள்ளி விடுமுறையில் அந்த முறை பெற்றோருக்கு வருகிறது, எங்கள் குடும்பமும் அதில் இருக்கிறது. மூடியைத் தூக்கிச் சுத்தம் செய்யக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, பிள்ளைகளோடு போய்விட்டு வந்துவிடுகிறோம். பெற்றோர் முறைக்கு இன்னும் சில குடும்பங்கள் தேவைப்படுகின்றன, அதற்கான கடிதத்தை இந்தத் தடவை குருளையர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.