நுரை தள்ளிய அடிபம்பு

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். ஒருநாள் காலை தரைத்தள வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, மெட்ரோ தண்ணியில நுரை வருது, வந்து பாருங்க." அடிபம்பை நாலு அடி அடித்தேன். நுரை, கூடவே கார் ஷாம்பு வாசனை.

விஷயம் வாசலில் கிடந்தது. அதே லைனில் உள்ள வாசல் குழாயில் ஹோஸ் மாட்டி, மறுமுனையை ஷாம்பு வாளிக்குள் முக்கி வைத்திருந்தார் வாட்ச்மேன். பாதியில் தண்ணீர் நின்றுவிட, குழாயை மூடாமலே டீ குடிக்கப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அம்மா பம்பை அடித்திருக்கிறார். லைனில் தண்ணீர் இல்லையென்றால் அடிபம்பு சும்மா இருக்காது, எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து உறிஞ்சும். ஷாம்பு என்பதால் நுரை காட்டிக்கொடுத்தது. பூச்சிமருந்தாக இருந்திருந்தால்?

"அதுக்குத்தானே என்.ஆர்.வி. போட்டீங்க?" என்றார் சங்கச் செயலாளர். வாசல் குழாய்க்குப் போகும் பைப்பில் அதைப் போட்டவன் நான்தான். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடவேண்டிய வால்வு. சோதித்துப் பார்த்தேன். லைனை அடைக்கும் கேட் வால்வை மூடி, என்.ஆர்.வி.க்கு முன்னால் இருக்கும் யூனியனை, அதாவது கழற்றி மாட்டும் பைப் இணைப்பை, கழற்றினேன். ஹோஸை மாடிப்படியில் உயர்த்திப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றினேன். வால்வு சரியாக இருந்தால் யூனியன் பக்கம் சொட்டக்கூடாது. சொட்டவில்லை, ஊற்றியது!

மூடியைத் திறந்தால், உள்ளே மடல் உட்காரும் இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப், அதில் ஒட்டிய மணல். அந்த டேப் இணைப்பு கசியாமலிருக்க நான் சுற்றியதுதான். மாட்டிய அன்றே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம், பத்து நிமிட வேலை. அம்புக்குறி சரியான பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

வால்வைச் சுத்தம் செய்து மாட்டி, மறுபடி சோதித்தேன். அடுத்த முறை தண்ணீர் வந்ததும் நுரை போகும்வரை லைனைத் திறந்துவிட்டோம். என்னைக் கேட்டால், வால்வைவிட நம்பகமானது வெறும் இடைவெளிதான். குழாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் அதன் வாய் வாளி விளிம்புக்கு மேலே நிற்கவேண்டும். அரை அங்குலக் குழாய்க்கு ஒரு அங்குலம். அதில் பழுதாவதற்கு எதுவும் இல்லை.

ஹோஸைக் கழற்றி எடுத்துவிட்டேன். "இனிமே மக்குல மொண்டு ஊத்திக் கழுவணுமா சார்?" என்று வாட்ச்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என்.ஆர்.வி. மேல் அன்றைய தேதியைப் பெயின்டில் எழுதினேன். அடுத்த வருஷத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.