மாமாவின் பக்கம்

2024 ஜூன் 3, திங்கள்

ஆபீசுக்குள் நுழைந்ததும் மாமா கூப்பிட்டுவிட்டார். மேசையில் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி இருக்கும் ஆங்கிலக் கட்டுரையின் பிரிண்ட் அவுட், நாலு தாள். சிவப்பு மையால் அங்கங்கே வட்டம் போட்டிருந்தார்.

"மக்ளே, என்னைக் கேரளாவுல பிறந்தவன்னு எழுதி வச்சிருக்கானுவ. வருஷமும் தப்பு. நீ உக்காந்து சரி பண்ணிரு. அப்புறம் இந்த வேலைநிறுத்த விஷயம், அது எதுக்கு இப்போ? அதையும் எடுத்துரு."

சரி மாமா என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் என் அம்மாவின் தம்பி. நான் அவருடைய நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள், பத்திரிகைச் செய்திகள் எழுதித் தருவதுதான் என் வேலை. அவரைப் பற்றிய கட்டுரையில் கை வைக்க இந்த நாகர்கோவிலிலேயே என்னைவிடத் தகுதி குறைந்தவர் யாரும் இருக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், யாரும் சொல்லாமலே, அந்த வேலைநிறுத்தப் பத்தியை நானே அழித்திருக்கிறேன். கணக்குகூடத் தொடங்காமல், ஆபீஸ் இணைப்பிலிருந்தே. சில நிமிடங்களில் யாரோ பழையபடி மீட்டுவிட்டார்கள். கட்டுரையில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் 'வரலாறு' பகுதியில் அது இன்றும் இருக்கிறது, நாள், மணி, ஐபி எண்ணோடு. இன்று திரும்பத் திறந்து பார்த்தபோது முகம் சூடாகிவிட்டது.

ஜூன் 5, புதன்

ராத்திரி முழுக்க விக்கிப்பீடியாவின் விதிகளை வாசித்தேன். எழுதுகிறவரின் சொந்த நலன் குறுக்கே வருவதைத் தமிழில் நலமுரண் என்கிறார்கள். நமக்கு லாபமோ உறவோ இருக்கிற விஷயத்தில் நாமே எழுதக் கூடாது. வெளிப்படையான நாசவேலையை நீக்குவதும் எழுத்துப் பிழையைத் திருத்துவதும் விதிவிலக்கு. மற்றதையெல்லாம் கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் கோரிக்கையாக வைக்க வேண்டும், சம்பந்தமில்லாத ஒருவர் சரிபார்த்துச் செய்வார். சம்பளத்துக்கு எழுதுகிறவர்கள் யாருக்காக எழுதுகிறோம் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்பது 2014 ஜூனிலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. "இதுக்குன்னு எனக்குத் தனியாக் காசு தரவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. ஊழியர் என்றாலே அந்தக் கணக்குத்தான்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகளுக்கு விதி இன்னும் கடுமை. அதற்குக் காரணம் இருக்கிறது. 2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் கட்டுரையில், கென்னடி கொலையில் அவருக்குச் சம்பந்தம் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டார் என்று யாரோ எழுதிவிட்டார்கள். நாலு மாதத்துக்கு மேல் அது அப்படியே கிடந்தது. எண்பதை நெருங்கிய மனிதர். மாமாவின் சிவப்பு வட்டங்களை நினைத்தபோது அந்த ஆளின் வலி எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

அதே 2005இல் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே மாற்றி மாட்டிக்கொண்டார். லாரி சாங்கரைக் கூட்டு நிறுவனர் என்று சொன்ன இடங்களை அவர் எடுத்திருந்தார். செய்திருக்கக் கூடாது என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

அதை வாசித்துவிட்டு மாமாவின் கட்டுரையைத் திரும்ப எடுத்தேன். முதல் வரியிலேயே 'நிறுவனர்' என்று இருக்கிறது. தொடங்கியது பெரிய மாமா. மாமா பிறகு வந்து சேர்ந்தவர். அந்தச் சொல்லைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

குலசேகரம் பக்கத்துப் பழைய வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மழை. முற்றத்துக் கயிற்றில் காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டை எல்லாம் திண்ணைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள், வீடே அந்தப் புளிச்ச வாடை. கட்டன் சாயா குடித்துவிட்டு மரப்பெட்டியைத் திறந்தோம்.

மாமாவின் ஜாதகம் கிடைத்தது. கோடு போட்ட பழைய நோட்டுத் தாள், மூலைகளில் மஞ்சள் தடவியது, நடுவில் செல்லரித்த ஓட்டை. 'கொல்லம் 1129, மேடம்' என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. மேடம் நம் சித்திரை. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் 1954. அம்மாவுக்குக் கணக்கே தேவைப்படவில்லை. "மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் வெடிவச்சப்ப இவன் கைக்குழந்தை. அப்பா ரெண்டு நாளா வீட்டுக்கு வரல்ல. அம்மா இவனை மடியில வச்சிட்டு வாசல்லயே இருந்தா." தாய்த் தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11.

மாமாவுக்குக் 'கேரளா' என்ற சொல் ஏன் அப்படி உறுத்துகிறது என்று அந்த வாசலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவர் பிறந்தபோது கல்குளம் தாலுகா திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்தில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. கேரளம் என்ற மாநிலம் பிறந்ததும் அதே நாள்தான். ஆக, அவர் பிறந்த அன்று கேரளமும் இல்லை, நாம் தமிழ்நாட்டிலும் இல்லை. திருவிதாங்கூர் என்றால் கேரளம் என்று யாரோ நினைத்து எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழில் 1955 என்றிருக்கிறது. சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்கு ஒரு தேதி போட்டுவிடுவது அந்தக் காலத்தில் வழக்கம். ஆண்டறிக்கையிலும் அதுதான். கட்டுரையில் இருப்பதோ 1956. ஒரு மனிதருக்கு மூன்று பிறந்த வருஷம்.

ஜூன் 16, ஞாயிறு

1956 எங்கிருந்து வந்தது என்று பார்க்க இரண்டு நாள் ஆனது. கட்டுரையில் அதற்குச் சான்றாக ஒரு பத்திரிகைப் பேட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். பேட்டியில் 1956 என்றுதான் இருக்கிறது. அதோடு விட்டிருப்பேன். சும்மா வரலாற்றுப் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். யாரோ ஒருவர் எந்தச் சான்றும் இல்லாமல் 1956 என்று எழுதி ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் அந்தப் பேட்டியே அச்சாகியிருக்கிறது. அதற்கு அப்புறம் வேறொருவர் வந்து பேட்டியைச் சான்றாகச் சேர்த்திருக்கிறார். பத்திரிகை கட்டுரையைப் பார்த்து எழுதியிருக்கிறது, கட்டுரை பத்திரிகையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியாவில் இருப்பது ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு. அங்கேயும் கேரளம், 1956, நிறுவனர், மூன்றும் அப்படியே.

ஜூன் 18, செவ்வாய்

மாமாவிடம் பேசினேன். ஆபீசில் வேண்டாம் என்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

ஜாதகத்தைச் சான்றாக வைக்க முடியாது என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. "என் பிறந்த வருஷம் எனக்குத் தெரியாதா?" தெரியும் மாமா. ஆனால் வாசிக்கிறவர் சரிபார்க்கிற மாதிரி, அச்சில் வந்த ஒன்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஆவணங்களை இந்த மாதிரிக் கட்டுரைகளில் எடுத்துக்கொள்வதில்லை. முழுத் தேதியையும் தேவையில்லாமல் போடமாட்டார்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்தது 1955. அதைத்தான் நான் கேட்க முடியும்.

வேலைநிறுத்தத்தில்தான் நேரம் போனது. அந்தச் செய்தி உண்மை, அந்த நாளின் நாளிதழிலேயே வந்தது. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கியது, அவர் எனக்குப் படிப்புக்குப் பணம் கட்டியவர். "ஆனா மாமா, அந்தச் செய்தியில தொழிலாளிகளை நீக்கினதாப் போடலை. இடைநீக்கம்னுதான் போட்டிருக்கு. பேச்சுவார்த்தைக்கு அப்புறம் எல்லாரையும் திரும்ப எடுத்ததும் அதுலயே கடைசிப் பத்தியில இருக்கு. கட்டுரையில நீக்கினார்னு மட்டும் எழுதியிருக்கு." மாமா செய்தி நகலை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசிப் பத்தியை ரொம்ப நேரம் பார்த்தார்.

கடைசியாக 'நிறுவனர்' பற்றிச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. மாமி தட்டில் மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார். எழுந்து வாசல்வரை வந்தபோது மாமா சொன்னார்: "அண்ணன் பேரை எழுது."

ஜூன் 20, வியாழன்

முதலில் என் சொந்தக் கணக்கில், பயனர் பக்கத்தில் எழுதினேன்: இவர் என் தாய்மாமன். இவருடைய நிறுவனத்தில் சம்பளம் பெறும் ஊழியர் நான். இந்தக் கட்டுரையை நேரடியாகத் திருத்தமாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தியை அழித்ததும் நான்தான்.

பிறகு உரையாடல் பக்கத்தில், நலமுரண் திருத்தக் கோரிக்கைக்கு உள்ள வார்ப்புரு என்ற தயார் படிவத்தைப் போட்டு நாலு கோரிக்கை. ஒவ்வொன்றிலும் இப்போது இருக்கும் வரி, இருக்க வேண்டிய வரி, சான்று, காரணம். 'பெருமைமிக்க', 'முன்னோடி' எதுவும் இல்லை. எழுதி முடித்ததும் நாலு தடவை வாசித்து, மாமாவுக்காக வாதாடுவது போல் இருந்த இரண்டு சொற்களை எடுத்தேன். தமிழ்க் கட்டுரையின் உரையாடல் பக்கத்திலும் இதையே வைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

மூன்று வாரம் கழித்துப் பதில். அறிமுகமே இல்லாத ஒரு தன்னார்வலர். பிறந்த மாநிலத்தைத் திருவிதாங்கூர் கொச்சி என்று மாற்றி, இன்று கன்னியாகுமரி மாவட்டம் என்று சேர்த்துவிட்டார். நிறுவனர் வரியையும் மாற்றிவிட்டார். இடைநீக்கம், மீண்டும் சேர்த்தது இரண்டையும் அவரே செய்தியை வாசித்துத் தன் சொற்களில் எழுதினார். ஆனால் நான் கேட்காத ஒன்றும் சேர்ந்திருக்கிறது: வேலைநிறுத்தத்துக்குக் காரணம் கூலி பாக்கி என்று அந்தச் செய்தியில் இருந்த வரி. நியாயமானதுதான். மாமாவிடம் போனில் அப்படியே வாசித்தேன். "சரி, இருக்கட்டும்" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கருங்கலில் பெரிய மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தமிழ்க் கட்டுரையை நேற்றுத்தான் திருத்தியிருக்கிறார்கள், போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மாமி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். விரல் பட்டுப் பக்கம் நகர்ந்துபோகும், நான் திரும்பக் கொண்டுவருவேன். பெரிய மாமாவின் பெயர் வந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டார், நகர்ந்துவிடக் கூடாதென்று.

பிறந்த வருஷம் மட்டும் இன்னும் முடியவில்லை. பேட்டியில் 1956, ஆண்டறிக்கையில் 1955. எதை எடுப்பது என்று அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வரலாற்றுப் பக்கத்து நாள்களை வரிசையாக எடுத்து இன்று அங்கே வைத்தேன். அதற்கு மேல் நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.