டிபிஓ கூரை: ஷீட்டை விட்டுவிட்டு ஜாயிண்டைப் பாருங்கள்

கிடங்கு, கடை, அலுவலகம் போன்ற கட்டடங்களின் தட்டைக் கூரையில் டிபிஓ (தெர்மோபிளாஸ்டிக் பாலியோலிஃபின்) என்ற நீர்த்தடுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை விரிப்பது சீக்கிரம் முடிந்துவிடும். நாளெல்லாம் பிடிப்பது ஜாயிண்டும் ஓரங்களும்தான். ஒழுகும் கூரைகளில் நாங்கள் முதலில் குனிந்து பார்ப்பதும் அங்கேதான்.

தளம் காய்ந்திருக்கிறதா என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். கான்கிரீட்டின் மேல் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் ஈரம் கோத்திருந்தால் ஷீட்டைத் தளத்தில் ஒட்டும் பசை முறை இப்போதைக்குக் கூடாது. காய்ந்த தளத்திலும் பசையை ஷீட், தளம் இரண்டிலும் பூசி, விரலில் நூல் இழுக்காத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவி கொப்புளமாக எழும். ஸ்க்ரூ முறை என்றால் காற்றின் இழுப்பு மூலைகளிலும் ஓரங்களிலும்தான் அதிகம். அங்கே வரிசைகளை நெருக்குங்கள். தண்ணீர் வடிய வாட்டம் 50-க்கு 1, அதாவது 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு.

இனி வெல்டிங், அதாவது சூடான காற்றை ஊதும் இயந்திரத்தால் ஷீட் ஓரங்களை உருக்கி ஒட்டுவது. 1.5 மி.மீ. ஷீட்டுக்குப் பசை முறையில் 75 மி.மீ. மேல்படிவு (ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஏறும் அகலம்) போதும். ஜாயிண்டுக்குள் ஸ்க்ரூவும் பிளேட்டும் வந்தால் 150 மி.மீ. வரை விடுகிறோம். பிளேட்டைத் தாண்டி 40 மி.மீ. அகலத்துக்கு வெல்டு தொடர்ந்து பிடிக்க வேண்டுமே. இயந்திரத்துக்கு இந்தச் சூடு, இந்த வேகம் என்று நிலையான கணக்கு கிடையாது. வெயில், காற்று, மேகம் எல்லாம் மாற்றிவிடும். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, வானிலை மாறினால் மறுபடியும், துண்டு ஷீட்டில் வெல்டு செய்து ஆறவிட்டுப் பிரித்துப் பாருங்கள். மேல்தோல் கிழிந்து உள்ளிருக்கும் நூல்வலை தெரிந்தால் சரி. இரண்டு முகமும் வழுவழுப்பாகப் பிரிந்தால் சூடு பற்றவில்லை. ஓரம் பழுப்பேறினால் சூடு மிஞ்சிவிட்டது.

பலர் கவனிக்காத விஷயம் மின்சாரம். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில், அல்லது மற்றவர்களும் இழுக்கும் ஜெனரேட்டரில் வோல்டேஜ் விழும்போது முனையின் சூடும் விழும். அந்த நேரத்தில் இயந்திரம் கடந்த தூரம் முழுவதும் அரைகுறை வெல்டு. மேலே பார்த்தால் வித்தியாசமே தெரியாது! வெல்டிங் இயந்திரத்துக்குத் தனி ஜெனரேட்டர் வையுங்கள்.

இரவு முழுக்கத் திறந்து கிடந்த ஓரத்தை ஷீட் நிறுவனம் சொல்லும் கிளீனரால் துடைத்து, உலரவிட்டுத்தான் வெல்டு செய்ய வேண்டும். முடித்த ஜாயிண்டு நன்றாக ஆறிய பின் மழுங்கிய கொக்கி முனையை ஓரமாக அழுத்தி இழுத்துச் சோதியுங்கள். சூடாக இருக்கும்போது குத்தினால் நல்ல வெல்டையே பிரித்துவிடுவீர்கள். முனை நுழைந்த இடத்தில் குறியிட்டு, கை வெல்டரும் சிலிகான் ரோலரும் வைத்து அன்றே மூடுங்கள்.

மூன்று ஷீட் சந்திக்கும் இடத்தில் படிக்கட்டு போன்ற மேடு விழுந்து, அதன் அடியில் நுண்ணிய வழி ஒன்று திறந்திருக்கும். ரோலரை அந்தப் படியில் குறுக்காக அழுத்தி, மேலே வலையில்லாத டிபிஓ துண்டு ஒன்றை வெல்டு செய்கிறோம். வெட்டிய ஓரங்களில் நூல் தெரியும். அது திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அதற்கான சீலன்ட்டை ஓரம் முழுக்க இழுங்கள்.

கைப்பிடிச் சுவரில் ஷீட் குறைந்தது 200 மி.மீ. ஏற வேண்டும். சுவரடியில் தனியாக ஸ்க்ரூ வரிசை இல்லாவிட்டால் ஷீட் இழுபட்டு, மூலையில் கூடாரம் போல் தூக்கிக்கொள்ளும். வடிகால் வாயின் கிண்ணத்துக்குள் ஜாயிண்டு வரவே கூடாது. ஷீட்டுக்கு அடியில் மாஸ்டிக் (தண்ணீர் புகாத பிசின்) வைத்து, ஷீட்டை வடிகாலோடு இறுக்கும் வளையத்தின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முடுக்குங்கள்.

பழைய தார்ப்பூச்சு அல்லது தெர்மாகோல் மேல் டிபிஓவுக்குப் பதில் பிவிசி போடுகிறவர்கள் நடுவில் பிரிப்புத் துணி கட்டாயம் விரிக்க வேண்டும். இல்லையென்றால் பிவிசியை வளைய வைக்கும் பொருள் வெளியேறி ஷீட் விறைத்துவிடும்.

தண்ணீர் தேக்கிச் சோதிப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்: 50 மி.மீ. நீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. ஏசி, மின்சார ஆட்கள் வேலை முடித்துக் கூரையிலிருந்து இறங்கிய பிறகே சோதனையை வையுங்கள். அவர்கள் விட்டுப்போகும் ஸ்க்ரூவும் தகரத் துண்டும் மிதிபட்டால் ஷீட் பொத்துவிடும். ஏசி வரை நடைபாதைப் பட்டைகளை அவர்கள் வருவதற்கு முன்பே ஒட்டிவிடுவது நல்லது.