பத்து டன் தண்ணீர்

ஜனவரி 11
கடல் இறால் வளர்க்கும் தொட்டியில் ஓடைத் தண்ணீர் 10,000 லீற்றர் நிரம்பிவிட்டது. குடித்தால் இனிக்கிறது. இறாலுக்கு இந்த இனிப்புத்தான் ஆபத்து.

ஜனவரி 12
உப்பு 3 பிபிடி வேண்டும், அதாவது லீற்றருக்கு 3 கிராம். வெறும் கல்லுப்பைக் கரைத்தாலும் மீட்டர் 3 காட்டும். அந்த உப்பில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. கடல்நீரின் விகிதப்படி ஒரு பிபிடிக்கு லீற்றருக்குப் பொட்டாசியம் 10.7, மக்னீசியம் 39, கல்சியம் 11.6 மில்லிகிராம். மூன்றால் பெருக்கிப் பத்து டன்னுக்குப் போட்டால்: அயடீன் சேராத புத்தளம் கல்லுப்பு 23 கிலோ, எப்சம் உப்பு 12 கிலோ, கல்சியம் குளோரைட் 1.3 கிலோ, பொட்டாஷ் 640 கிராம். பொட்டாஷில் பாதிதான் பொட்டாசியம், எப்சத்தில் பத்திலொரு பங்குதான் மக்னீசியம். இதை மறந்தால் மொத்தக் கணக்கும் பிழை.

ஜனவரி 13
உரக்கடையில் சிவப்புப் பொட்டாஷ்தான் இருக்கிறது. "தேயிலைக்கு இதே போதும் தம்பி." தொட்டிக்குப் போதாது, கலங்கும். வெள்ளை வேண்டும்.

ஜனவரி 15
பொங்கல். கடை பூட்டு.

ஜனவரி 18
வெள்ளை கிடைத்தது. காரத்தன்மை லீற்றருக்கு 40 மில்லிகிராம்தான். டொலமைட் சுண்ணாம்புத்தூள் கரைய நாளாகும். அப்பச்சோடா 1 கிலோ போட்டதும் 100க்கு ஏறிவிட்டது. இது குறைந்தால் உரித்த தோல் இறுகாது.

ஜனவரி 21
சிலாபத்திலிருந்து சோதனைக்கு ஒரு பை வன்னாமி இறால் குஞ்சு. இரண்டு வாளி, இரண்டிலும் 3 பிபிடி, காற்று, ஐம்பது ஐம்பது குஞ்சு. ஒன்றில் வெறும் கல்லுப்பு. மற்றதில் எல்லாம்.

ஜனவரி 23
48 மணி நேரம். கல்லுப்பு வாளியில் 31 செத்துவிட்டன. கண்ணாடி டம்ளரில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், உயிரோடிருப்பவற்றிலும் வால் கொக்கிபோல் வளைந்து நிமிராமல் கிடக்கிறது, தசை பால்போல் வெளுத்திருக்கிறது. எல்லாம் போட்ட வாளியில் 2தான். ஒரே மீட்டர் அளவு! பொட்டாசியம், மக்னீசியம், கல்சியம்தான் வித்தியாசம்.

ஜனவரி 27
பெரிய பைகள் வந்தன, குஞ்சுப் பருவத்தில் 12 நாள் தாண்டியவை. அதற்கு முன் செவுள் முழுதாய் விரிந்திருக்காது, உப்புக் குறைவைத் தாங்காது. பைகளை முதலில் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பம் சமப்படுத்தியாயிற்று. பிறகு தனித் தொட்டியில், காற்றோடு, 30 பிபிடியிலிருந்து 4 வரை மெல்ல. 4க்குக் கீழே மணிக்கு ஒன்றுக்கு மேல் இறக்கக்கூடாது. இரவு முழுக்க இதுதான் வேலை.

ஜனவரி 28
காலையில் தொட்டிச் சுவரெங்கும் ஓடித் திரிகின்றன.

பெப்ரவரி 2
விடியற்காலை பனி. தண்ணீர் 22 பாகை. பொலித்தீன் கூடாரம் இருந்தும் இப்படி. தீனித்தட்டில் போட்டது போட்டபடியே கிடக்கிறது. தீனியைப் பாதியாக்கிவிட்டேன், மிஞ்சியது அழுகினால் நைட்ரைற் என்ற நஞ்சு. உப்புக் குறைந்த நீரில் அதைத் தடுக்கும் குளோரைட்டும் குறைவு. கடலோரக் குளத்தில் தாங்கும் அளவு இங்கே கொல்லும். ஹீட்டரைக் கூட்டினால் 27க்கு வரும். கரண்ட் போனால்?

பெப்ரவரி 4
26. தட்டுக் காலி. குடல் கறுப்புக் கோடாய்த் தெரிகிறது.

பெப்ரவரி 6
அடியில் வடித்த தண்ணீரை எங்கே விடுவது? ஓடையில் கூடவே கூடாது, கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்து ஆட்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் உப்பு ஆகாது. கழிவைப் படியவைத்து, தெளிந்ததைத் திரும்பத் தொட்டிக்கே ஏற்ற வேண்டும். இன்னொரு தாங்கி தேவை.

பெப்ரவரி 9
நாளை போயா, பௌர்ணமி. தோல் உரிக்கும் நேரம். பொட்டாசியம் திரும்ப அளக்க வேண்டும்.

பெப்ரவரி 10
அதிகாலை 3 மணி. மிதக்கும் தோல்கள், சருகுபோல். வளைந்த வால் ஒன்றுகூட இல்லை.