பாலு

மே 3, 2025, சனி

சங்கத்தின் தையல் மெஷின் படிவத்தில் நான்கு கட்டங்கள், மலாயில். பூஜாங் (மணமாகாதவர்), காவின் (மணமானவர்), ஜண்டா (விவாகரத்தானவர்), பாலு. எங்களுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நான்காவதில் சரி போட்டு அவளிடம், இலங்கையிலிருந்து அகதியாக வந்தவளிடம், கையெழுத்துக்கு நீட்டினேன். அவளும் போட்டாள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்கு ரயிலில் வரும்போது அவள் மகள்தான் நகலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாலு ஆரம்மா?"

ஆள் பெயர் என்று நினைத்துவிட்டது பிள்ளை. நான் சிரித்தேன். சிரித்த வாயோடு அர்த்தத்தையும் சொன்னேன். புருஷன் செத்தவள்.

செந்தூல் வரை யாரும் பேசவில்லை.

மே 4

தூக்கம் இல்லை. கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

மே 6, செவ்வாய்

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள், கையால். அவள் அதைச் சட்டை என்பாள். "அதை விடுங்கோ அக்கா, தேத்தண்ணி குடியுங்கோ." குடித்தேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "வட்டுவாகல் பாலத்தடியில நான்தான் என்ர மனுசனை ஆமியின்ர கையில ஒப்படைச்சனான். குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்க மாட்டினமே?"

அது 2009 மே, போர் முடிந்த நாட்கள். மகள் அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிறந்தது மெனிக் பாம் அகதி முகாமில்.

இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக 'ஆளைக் காணவில்லை' என்றே சான்றிதழ் கொடுக்க அங்கே 2016இல் சட்டம் வந்தது. முல்லைத்தீவில் இருக்கும் அவள் மாமியார் அதையும் வாங்கவில்லையாம். காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களோடு அவரும் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். "கடதாசி வாங்கினால் தேடுறதை நிப்பாட்டிப் போடுவினம்" என்பாராம்.

நான் ஒரு பேனாக் கீறலில் நிப்பாட்டினேன்.

மே 8

ஆஸ்பத்திரி. அவள் தோளில் இருக்கும் ஷெல் குண்டுத் துண்டு மழை நாளில் குத்துகிறது. யூ.என். அகதி அட்டைக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதிக்கே கூட்டுச் சீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை, பிறகு பாதியை மட்டும் எங்கிருந்து கொண்டுவருவாள்?

கவுண்டரில் "சுவாமி?" என்று கேட்டார்கள். புருஷன் பெயர் கேட்கிறார்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் முழுப்பெயரையும் சொல்லிவிட்டாள். நிதானமாக, எழுத்தெழுத்தாக.

மே 11, ஞாயிறு

இன்று முழுக்கப் பாட்டி ஞாபகம். தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோனது 1943இல். லாரி ஏறும்போது அவர் கையில் ஒரு வாழைச்சீப்பு இருந்தது என்று பாட்டி சொல்வார். சீப்பில் எத்தனை பழம் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். திரும்பி வந்த சிலர், அங்கே காலராவில் ஆட்கள் கொத்துக்கொத்தாகப் போனதைச் சொன்னார்கள். தாத்தாவைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பாட்டி பால்மரம் சீவி ஆறு பிள்ளைகளை வளர்த்தார். பக்கத்து லயத்துக்காரிகள் முறைவைத்துக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். பொட்டை அழி என்று யாரும் சொன்னதில்லை. அல்லது சொல்லியிருப்பார்கள், பாட்டி எனக்குச் சொல்லவில்லை.

கடைசிவரை பெரிய பொட்டு. நான் ஏன் அந்தக் கட்டத்தில் போட்டேன்?

மே 12

விசாகம். பௌத்த மகா விகாரை ஊர்வலத்தின் விளக்குகளைப் பார்க்கப் போகட்டுமா என்றாள் மகள். "போட்டு வா" என்றாள் தாய். தான் வரவில்லை.

மே 14, புதன்

சங்கத்துக்குப் போய்ப் படிவத்தை மாற்றக் கேட்டேன். தையல் மெஷின் பட்டியலுக்குத் தலைப்பே 'கணவனை இழந்த பெண்கள்'. காவின் என்று போட்டால் புருஷன் இருக்கிறானே என்று பெயரை எடுத்துவிடுவார்களாம். ஹிலாங், காணோம், என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போடுங்களேன் என்றேன். "ஆடிட்டர் கேப்பாரும்மா" என்றார் சங்கத்து அம்மா.

நல்ல மனுஷிதான் அந்த அம்மா. கோவிட் சமயத்தில் லிஃப்ட் ஓடாத பிளாட்டில் நாலாவது மாடிவரை அரிசி தூக்கியவர். அதனால்தான் கத்தவும் முடியவில்லை.

அவளிடம் சொன்னேன். "மெஷின் வேண்டாம் அக்கா." வாடகைக்கு 200 வெள்ளி குறைகிறது. வேண்டாமாம்.

மே 15

கோபம் அவள்மேலும் வருகிறது. ஒரு சொல்தானே. எழுதிவிட்டு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால் வாங்கிப் போயிருந்தேன், வேண்டாம் என்று தள்ளி வைத்தாள். அங்கே போரின் கடைசி நாட்களில் பால் இல்லை. சிரட்டையில் ஊற்றித் தந்தாள். பிளாட்டில் ஒன்பது பேர், கீழ் வீட்டு ரோஹிங்கியாக்காரியும் பிள்ளையோடு வந்து குடித்தாள். சங்கத்து அம்மா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிக் குடித்தார். போகும்போது அவள் நெற்றியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மே 19

சங்கத்திலிருந்து போன். மெஷின் வந்துவிட்டதாம், கையெழுத்துப் போட அவளைக் கூட்டிவரச் சொன்னார். எந்தக் கட்டத்துக்குக் கீழே என்று கேட்டேன்.

"நீங்க வாங்க, பேனா கொண்டு வாங்க" என்றார்.