குல் மகாய்

மலாலா என்றதும் எல்லோரும் 2012 அக்டோபர் 9 அன்று பாய்ந்த தோட்டாவைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய மலாலாதான் நெஞ்சில் நிற்கிறாள். 2009 ஜனவரி. பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளிகளை மூடச் சொல்லித் தாலிபான் உத்தரவு. 11 வயதுச் சிறுமி 'குல் மகாய்' என்ற புனைபெயரில் பிபிசி உருது சேவைக்கு நாட்குறிப்பு எழுதுகிறாள். சீருடை ஆபத்து என்பதால் தனக்குப் பிடித்த இளஞ்சிவப்பு உடையில் பள்ளிக்குப் போனதைக்கூட எழுதினாள். அந்த வயதில் அப்படியொரு துணிச்சல்! நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

அப்புறம் 17 வயதில் நோபல், அது தெரிந்ததுதான். அதே 2014 அக்டோபரில் உலகக் குழந்தைகள் பரிசாகக் கிடைத்த 50,000 டாலரை, காசாவில் சேதமடைந்த ஐ.நா. பள்ளிகளைச் சீரமைக்க அப்படியே கொடுத்துவிட்டாள்.